கூடு மாறினால் கடன் யாருக்கு?

சாத்தனூரில் ஒரு மாலை நேரம். மாடு மேய்க்கப் போன மூலன் இருட்டும் வேளையில் ஊர் திரும்புகிறான். மாடுகள் தத்தம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டன. அவன் மட்டும் தெருவிலேயே நிற்கிறான். வாசலில் காத்திருந்த மனைவி பதறிப்போய் வந்து தொடுகிறாள், விலகிக்கொள்கிறான். உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறான். முகம் அதே முகம், உடம்பு அதே உடம்பு. ஆனால் அவள் புருஷன் அன்று பகலிலேயே காவிரிக் கரையில் இறந்துவிட்டான். மாடுகள் பிணத்தைச் சுற்றிக் கதறியதைக் கண்டு இரங்கிய ஒரு சிவயோகி, தன் உடலை ஓரிடத்தில் ஒளித்து வைத்துவிட்டு மூலன் உடலில் புகுந்திருந்தார். பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்லும் திருமூலர் கதை இது. மறுநாள் அந்தப் பெண் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டாள். அவர்கள் வந்தார்கள், யோகத்தில் அமர்ந்திருந்தவரைப் பார்த்தார்கள், இவர் இனி உன் வழிக்கு வரமாட்டார் என்று சொல்லி அவளை அழைத்துப் போனார்கள்.

பக்தர்களுக்கு இது சித்தரின் மகிமை. வக்கீல் ஒருவர் படித்தால் இதில் ஒரு வழக்கு இருக்கிறது. ஒருவர் மேல் இன்னொருவருக்கு உள்ள பாத்தியதை எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது, உடம்பையா, உள்ளே இருப்பவரையா? உள்ளே இருப்பவரைத்தான் என்று சாத்தனூர்ப் பெரியவர்கள் தீர்த்தார்கள். கை கால் மாறாமல் இருந்தும் அவள் உரிமை போயிற்று.

இதே வழக்கு இன்று தலைகீழாக நடக்கிறது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஒன்று எல்.எல்.பி. ஆக மாறுகிறது. அதாவது, கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்பு கட்டிய கூட்டாண்மை. தெருவில் போகிறவர் கண்ணுக்குப் பெயர்ப் பலகையின் வால் மட்டும்தான் மாறுகிறது. அதே மேசை, அதே கணக்குப்பிள்ளை, அதே டீக்கடைப் பாக்கி. சட்டத்தின் கண்ணிலோ அன்று ஒரு சாவும் ஒரு பிறப்பும் நடந்திருக்கின்றன. கம்பெனிக்கு இருந்த 21 எழுத்து அடையாள எண் போய், எல்.எல்.பி.க்கு 7 எழுத்தில் வேறொரு எண் வருகிறது. பான் எண் புதிது, ஜி.எஸ்.டி. பதிவும் புதிது. 2008-ஆம் ஆண்டு எல்.எல்.பி. சட்டத்தின் 58-ஆம் பிரிவு, பதிவு நாளிலிருந்து பழைய கம்பெனி கலைந்துவிட்டதாகக் கொள்கிறது. அதே பிரிவுதான், அந்தக் கம்பெனியின் சொத்து, உரிமை, சலுகை, கடன், கடமை அத்தனையும் தனிப் பத்திரம் எதுவும் எழுதாமலே புதியதிடம் வந்து சேரும் என்றும் சொல்கிறது.

ஆக, ஆள் செத்தான், ஆனால் அவன் பட்ட கடன் சாகவில்லை. சாத்தனூரில் கூடு நிலைத்தது, கடன் அறுந்தது. இங்கே கூடு போகிறது, கடன் தொடர்கிறது.

மாறுவதற்கு ஆடிட்டர்கள் சொல்லும் காரணங்கள் சாதாரணமானவை. ஆண்டுப் பொதுக்கூட்டம் என்ற சடங்கு இல்லை. விற்றுமுதல் 40 லட்சத்தையோ கூட்டாளிகளின் பங்களிப்பு 25 லட்சத்தையோ தாண்டாதவரை எல்.எல்.பி. சட்டப்படி தணிக்கை கட்டாயமில்லை. லாபத்துக்கு எல்.எல்.பி. வரி கட்டிவிட்டால், கூட்டாளி கைக்கு வரும் லாபப் பங்குக்கு மறுபடி வரி இல்லை. இந்தச் சின்னக் கணக்குகளுக்காகச் செய்யப்படும் காரியம், இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தத்துவவாதிகள் சண்டையிட்ட கேள்வி ஒன்றைத் தற்செயலாக எழுப்பிவிடுகிறது. மாறிய பொருள் பழைய பொருள்தானா?

கிறிஸ்துவுக்கு முன் 2-ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டர் இதைக் கேட்டான். பௌத்த நூலான மிலிந்த பன்ஹாவில் அவன் பெயர் மிலிந்தன். நாகசேனர் என்ற பிக்குவிடம் அவன் எழுப்பிய சந்தேகம் மறுபிறவி பற்றியது. ஆன்மா என்று ஒன்று இல்லையென்றால், இந்தப் பிறவியின் வினையை அடுத்த பிறவியில் யார் சுமப்பது? பிக்கு சூத்திரம் ஓதவில்லை. வழக்குகளாக அடுக்கினார். மாம்பழம் திருடியவன், ‘நீ நட்டது வேறு மாங்காய், நான் பறித்தது வேறு’ என்று வாதாடினால் விடுவாயா? சிறுமிக்குப் பரிசப்பணம் கொடுத்தவன் ஊரில் இல்லாதபோது, வளர்ந்த பெண்ணை இன்னொருவன் மணந்துகொண்டு, ‘நீ பணம் கொடுத்தது சின்னப் பெண்ணுக்கு, இவள் வேறு’ என்றால் ஒப்புவாயா?

அந்த வரிசையில் ஒரு பால் குடமும் வருகிறது. இடையனிடம் குடம் பாலுக்கு விலை கொடுத்தவன், நாளை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அங்கேயே வைத்துவிட்டுப் போகிறான். மறுநாள் பார்த்தால் பால் உறைந்து தயிராகியிருக்கிறது. ‘நான் வாங்கியது பால், பாலைக் கொடு’ என்கிறான். ‘உன் பால்தான் தயிராயிற்று’ என்கிறான் இடையன். அரசன் யார் பக்கம் தீர்ப்புச் சொல்வான்? இடையன் பக்கம்தான் என்றான் மிலிந்தன். இரண்டும் ஒன்றல்ல, இரண்டும் வேறும் அல்ல. ஒன்றிலிருந்து ஒன்று வந்தது, அவ்வளவு போதும் என்பது நாகசேனரின் நிலை.

பாலும் தயிரும் இந்தியத் தத்துவத்தின் பழைய சண்டைப் பொருள்கள். தயிர் பாலுக்குள் முன்பே சூக்குமமாக இருந்தது, இப்போது வெளிப்பட்டது என்பது சாங்கியரின் சற்காரியவாதம். சைவ சித்தாந்தமும் அதை ஏற்கிறது. நியாய வைசேடிகர் ஒப்பமாட்டார்கள். பால் அழிந்தது, தயிர் புதிதாகப் பிறந்தது என்பார்கள். எல்.எல்.பி. சட்டம் இந்தக் கட்சிகளில் எதிலும் முழுசாகச் சேரவில்லை. கேட்பவர் யார் என்று பார்த்துக் கட்சி மாற்றுகிறது. கடன் கொடுத்தவர் வந்தால் அது சற்காரியவாதி: நீ கடன் கொடுத்தது இவனுக்குத்தான். நடந்துகொண்டிருக்கும் வழக்கு, போட்ட ஒப்பந்தம், வந்த தீர்ப்பு எல்லாமே எல்.எல்.பி. பெயரில் தொடரும். உரிமம் கொடுத்த அதிகாரி வந்தால் அது நையாயிகன் ஆகிவிடுகிறது. வேறு சட்டங்களின் கீழ் கம்பெனிக்குக் கிடைத்த அனுமதியும் லைசென்சும் தொடருமா என்பதை அந்தந்தச் சட்டத்தின் விதிகளுக்கே அட்டவணை விட்டுவிடுகிறது. பழைய ஆளுக்குக் கொடுத்த அனுமதி பழைய ஆளோடு போய்விடவும் கூடும்.

வரித்துறைக்கு இந்தக் குழப்பம் பெரிய தலைவலி. செத்தவர் பெயரில் நோட்டீஸ் அனுப்பலாமா? 2019-இல் மாருதி சுசூகி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. இன்னொன்றோடு இணைந்து மறைந்துபோன கம்பெனியின் பெயரில் போட்ட மதிப்பீட்டு ஆணை செல்லாது. மூன்றே ஆண்டில், 2022-இல், மகாகுன் ரியல்டர்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் வேறு கோணத்தில் பார்த்தது. இணைந்த கம்பெனியின் வெளிக்கூடு அழிகிறது என்பது மெய். உள்ளே நடந்த தொழில், சேர்ந்த கம்பெனியின் மடியில் உயிரோடுதான் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு வழக்கிலும் உண்மை நிலவரத்தைப் பார்க்க வேண்டும் என்றது. இரண்டுமே இணைப்பு வழக்குகள், எல்.எல்.பி. மாற்றம் அல்ல. ஆனாலும் கூடு, உயிர் என்று நீதிபதிகள் பிரித்துப் பேசவேண்டி வந்ததைப் படிக்கும் தமிழ் வாசகருக்குத் திருமூலர் நினைவு வராமல் இருக்காது.

மாற்றத்துக்கே உரிய வரிவிதி 2010-இல் வந்தது. கம்பெனி எல்.எல்.பி. ஆவதைச் சொத்துக் கைமாற்றமாகக் கருதமாட்டோம், ஆதாய வரி கேட்கமாட்டோம் என்று வருமான வரிச் சட்டத்தில் ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள், நிபந்தனைகளோடு. பங்கு வைத்திருந்த எல்லோரும் கூட்டாளிகளாக வேண்டும், அதே விகிதத்தில். அவர்களுடைய மொத்த லாபப் பங்கு 5 ஆண்டுக்கு 50 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. சேர்த்து வைத்த பழைய லாபத்தை 3 ஆண்டுக்குத் தொடக்கூடாது. முந்தைய 3 ஆண்டுகளில் எதிலும் விற்றுமுதல் 60 லட்சத்தைத் தாண்டியிருக்கக்கூடாது. சொத்து மதிப்பு 5 கோடிக்குள் இருக்க வேண்டும் என்பதை 2016-இல் கூட்டினார்கள். நிபந்தனை தவறினால், விட்டுக்கொடுத்த வரி பின்னாலேயே வந்து நிற்கும். பழைய கம்பெனியின் நஷ்டம் புதியதற்கு வரும். அது கட்டிய குறைந்தபட்ச மாற்று வரிக்கான வரவு மட்டும் வராது.

இந்த நிபந்தனைகளில் ஒரு விநோதம் ஒளிந்திருக்கிறது. லண்டன் வொயிட்சேப்பலில் பூட்ஸ் தைத்து விற்ற ஆரன் சாலமன் 1892-இல் தன் கடையைக் கம்பெனியாக்கினார். 20,007 பங்கில் 20,001 அவருடையது. மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. கம்பெனி முழுகியது. கடன்காரர்கள் சாலமன் வேறு கம்பெனி வேறா என்று கேட்டார்கள். ஆம், வேறுதான் என்றது பிரபுக்கள் சபையின் தீர்ப்பு. 1897-ஆம் ஆண்டுத் தொகுப்பில் வெளியான அதன் மேல்தான் உலகத்துக் கம்பெனிச் சட்டம் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் இருக்கும் மனிதர்கள் யார் என்பது கம்பெனியின் அடையாளத்தில் சேராது என்பது அதன் சாரம். எல்.எல்.பி. மாற்றத்தின்போதோ சட்டம் அந்த மனிதர்களைத்தான் தேடிப் பிடிக்கிறது. அதே பங்குதாரர்கள், அவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை என்றால்தான் மாற்றமே செல்லும். கம்பெனி பிழைத்திருக்கும் காலமெல்லாம் மனிதர்கள் வேறு. அது கூடு மாறும் அந்த ஒரு நாளில் மட்டும் மனிதர்கள்தான் அதன் உயிர்.

உயிர் என்ற சொல்லை இங்கே போடலாமா என்பதையே ஒரு போப் யோசித்திருக்கிறார். 1245-இல் லியோன் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தில், நான்காம் இன்னசென்ட் ஊர்ச்சபை, குழு போன்ற அமைப்புகளை மொத்தமாகச் சபை விலக்கம் செய்யக்கூடாது என்று தடை விதித்தார். குழுவுக்கு ஆன்மா இல்லை. அது கற்பித்துக்கொண்ட ஆள். சாபம் போட்டால் அதிலுள்ள குற்றமற்றவர்கள் தலையில் போய் விழும். இந்தியச் சட்டம் வேறு வாசலால் அதே இடத்துக்கு வந்தது. இங்கே கோயில் மூர்த்திக்கே சட்டம் ஆள் என்ற தகுதி கொடுத்திருக்கிறது. சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். தஞ்சை மண்ணில் பத்தூர்க் கோயில் இடிந்து பாழடைந்து கிடந்தது. அங்கே 1976-இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராசர் கடத்தப்பட்டு லண்டன் போனார். அவரை மீட்க நடந்த வழக்கில், பூசையும் கூரையும் இழந்த அந்தக் கோயிலையே ஒரு வழக்காளியாக இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-இல் ஏற்றது. நடராசர் ஊர் திரும்பினார். கட்டடம் விழுந்தாலும் சட்டத்தின் ஆள் விழவில்லை.

ஆன்மா தேவையில்லை, உடம்பும் தேவையில்லை என்றால் எதைக் கொண்டுதான் அதே ஆள் என்கிறார்கள்? மாற்றத்தின் விதிகளைச் சொல்லும் எல்.எல்.பி. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைப் புரட்டினால் விடை கிடைக்கும். அதில் பெரும்பகுதி யார் யாருக்கு என்ன தரவேண்டும் என்பதைப் பற்றியது. தரவேண்டியவனாக யார் மிஞ்சுகிறானோ அவனே அவன். தமிழில் இதற்குத் தனி அழகு உண்டு. வாங்கிய பணமும் கடன்தான், செய்யவேண்டிய கடமையும் கடன்தான். நீத்தார் கடன், பிதிர்க் கடன், காலைக் கடன் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்.

அந்தக் கடனுக்கு வரம்பு கட்டலாமா என்ற இடத்தில்தான் சமயங்கள் தயங்கியிருக்கின்றன. தகப்பன் பட்ட கடனை மகன் தீர்த்தால்தான் தகப்பனுக்கு மறுமையில் விடுதலை என்று தர்ம சாத்திரங்கள் கூறின. சூதிலும் குடியிலும் பட்ட கடனுக்கு மட்டும் மகன் பொறுப்பில்லை. பிற்காலத்து நீதிமன்றங்கள் மகன் தன் கைப்பணத்தைப் போட வேண்டாம், குடும்பச் சொத்தில் தன் பங்கு வரையில் போதும் என்று அதைச் சுருக்கின. கடைசியில் 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தம், செப்டம்பர் 9 முதல், புதிய கடன்களுக்கு அந்தக் கடமையையே நீக்கிவிட்டது. இஸ்லாத்தில், கடனோடு இறந்தவருக்கு ஜனாசா தொழுகை நடத்த நபிகள் நாயகம் தயங்கினார் என்றும், அபூ கதாதா அந்தக் கடனைத் தான் ஏற்பதாகச் சொன்ன பிறகே நடத்தினார் என்றும் ஹதீஸ் உண்டு. அந்த மரபில் நின்று, வரம்புள்ள பொறுப்பு மார்க்கத்துக்கு ஒத்ததா என்று ஆராய்ந்த பாகிஸ்தான் அறிஞர் முஃப்தி தக்கி உஸ்மானி, வக்ஃப், பொதுக் கருவூலம் போன்ற பழைய ஏற்பாடுகளில் அதற்கு ஒப்புமை தேடினார். ஒன்றுமில்லாமல் இறந்த மனிதனிடம் கடன்காரன் எதைப் பெறமுடியும்? முழுகிய கம்பெனியும் அப்படித்தான் என்பது அவர் வாதத்தின் ஒரு இழை.

வரம்பில்லாப் பொறுப்புதான் அறம் என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. சென்னையில் அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபர் 22 அன்று கதவை மூடியது. பெயரில் கம்பெனி என்று இருந்தாலும் அது கூட்டாண்மை. கூட்டாளிகள் உடுத்திய வேட்டி வரைக்கும் பொறுப்பு. பென்ஷன்காரர்களும் விதவைகளும் போட்ட பணம் முழுகியது. லண்டன் கூட்டாளி தற்கொலை செய்துகொண்டார். சர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். இத்தனை பொறுப்பும் பணம் போட்டவர்களைக் காப்பாற்றவில்லை. அந்த எரிச்சலில், வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முன்னின்று 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள், பொறுப்புக்கு வரம்பு கட்டிய கம்பெனியாக. வரம்பில்லாக் கூட்டாளிகளிடம் சுட்டுக்கொண்ட ஊர், வரம்புள்ள கம்பெனியை நம்பிப் பணம் போட்டது.

பழைய கூட்டாண்மை பங்காளி உறவு போன்றது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் இந்த வீட்டுக்கும் தீட்டு. செத்தவரைப் பார்த்தே இராவிட்டாலும் தீட்டு தீட்டுதான். கூட்டாளி ஒருவர் செய்த தப்பும் அப்படித்தான் மற்றவர்கள் வீட்டுக்குள் நுழைந்தது. அமெரிக்காவில் 1980-களில் சேமிப்பு நிறுவனங்கள் சரிந்தபோது, வழக்கறிஞர், தணிக்கையாளர் கூட்டாண்மைகளின் மேல் நஷ்ட ஈட்டு வழக்குகள் பாய்ந்தன. பக்கத்து அறையில் இருந்தவர் செய்த தவறுக்குத் தன் வீட்டை இழக்கும் பயம் வந்த பிறகு, 1991-இல் டெக்சாஸ் மாநிலம்தான் முதன்முதல் எல்.எல்.பி. சட்டம் போட்டது. இந்தியச் சட்டத்தின் 28-ஆம் பிரிவில் அந்தப் பயத்துக்கு விடை இருக்கிறது. தன் தப்புக்குக் கூட்டாளி தானே பொறுப்பு. இன்னொரு கூட்டாளியின் தப்புக்குச் சொந்தப் பொறுப்பு இல்லை. தீட்டை எடுத்துவிட்டு வினையை மட்டும் வைத்துக்கொண்டது சட்டம். அவரவர் வினை அவரவருக்கு என்று நாட்டில் காலங்காலமாகச் சொல்லிவந்ததுதான் இது. 30-ஆம் பிரிவு அதற்கு ஒரு பூட்டும் போடுகிறது. ஏமாற்றும் நோக்கத்தோடு தொழில் நடத்தியவருக்கு வரம்பே கிடையாது.

மாற்றத்தில் யாரைக் கேட்கிறார்கள் என்று பார்த்தால் கதை சாத்தனூருக்கே திரும்புகிறது. பங்குதாரர் ஒருவர் விடாமல் சம்மதிக்க வேண்டும். சொத்தை ஈடாக வாங்கிய வங்கிக்குக் கவலையில்லை. அடமானம் நிலுவையில் இருக்கும்வரை கம்பெனி மாறவே முடியாது. வேலைக்காரரை? அவருடைய ஒப்பந்தம் எல்.எல்.பி.தான் முதலாளி என்பதுபோலத் தொடரும் என்று அட்டவணை தானே முடிவு செய்துவிடுகிறது.

இதையே இங்கிலாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஏற்கவில்லை. நோக்ஸ் என்பவர் வேலை பார்த்த சுரங்கக் கம்பெனி, நீதிமன்ற ஆணை மூலம் டான்காஸ்டரின் பெரிய கம்பெனிக்குள் போய்ச் சேர்ந்தது. ஒருநாள் அவர் வேலைக்கு வரவில்லை என்று புதிய கம்பெனி அவர்மேல் வழக்குப் போட்டது. 1940-இல் பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்த்தது. சொத்து கைமாறலாம், ஆளின் உழைப்பு அவர் சம்மதமில்லாமல் கைமாறாது. எஜமானைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமைதான் பணியாளைப் பண்ணையடிமையிலிருந்து பிரிக்கிறது என்று நீதிபதி அட்கின் பிரபு தீர்ப்பில் சொன்னார். இந்தியச் சட்டம் நோக்ஸ் வழியில் போகவில்லை. அதற்கு நியாயம் இல்லாமலும் இல்லை. சம்மதம் கேட்கும் நாள், சம்பளம் நின்றுபோகும் நாளாகவும் ஆகலாம். கடன் தொடரவேண்டும் என்று நினைக்கும் சட்டம், வேலையும் தொடரவேண்டும் என்று நினைத்ததில் கருணை இருக்கிறது. கேட்கப்படாமலே கிடைத்த கருணை அது.

கேட்கப்படாத மற்றவர்களுக்காகச் சட்டம் வைத்திருக்கும் ஏற்பாடு ஒன்றுதான். பதிவான 14 நாளுக்குள் தொடங்கி 12 மாதத்துக்கு, எல்.எல்.பி. அனுப்பும் ஒவ்வொரு அலுவல் கடிதத்திலும், இது இன்ன பெயரும் இன்ன பதிவு எண்ணும் கொண்ட கம்பெனியாக இருந்து மாறியது என்று எழுத வேண்டும். தவறினால் அபராதம். செத்தவருக்கு ஓராண்டு மாசிகம் கொடுப்பது போல, மாதந்தோறும் பழைய பெயர் உச்சரிக்கப்படுகிறது. ஆண்டு முடிந்தால் பிதிர்க்களோடு சேர்த்துவிட்ட மாதிரி, கடிதத் தாளிலிருந்து அந்த வரியை எடுத்துவிடலாம். 13-ஆம் மாதம் பழைய பில்லோடு வரும் நட்டு போல்ட் கடைக்காரர், பலகையைப் பார்த்துவிட்டு இந்த ஆள் அந்த ஆள்தானா என்று ஒரு கணம் வாசலில் நிற்கக்கூடும். ஆம் என்று சட்டம் சொல்லும், அவர் கேட்டால்.

மூலனின் மனைவி கேட்டாள். அவளுக்கு இல்லை என்று பதில் கிடைத்தது. சேக்கிழார் அதற்குமேல் அவளைப் பின்தொடரவில்லை. யோகியோடு திருவாவடுதுறைக்குப் போய்விடுகிறார். அங்கே மூலன் உடம்பில் இருந்தபடி அவர் 3,000 ஆண்டு தவமிருந்து 3,000 பாடல் பாடினார் என்பது மரபு. மாடுகள் வீடு சேர்ந்துவிட்டன. அவள் அன்று இரவு யார் வீட்டில் சாப்பிட்டாள் என்பது புராணத்தில் இல்லை.